இருட்டு டின்னுக்குச் சந்தனப் பொட்டு

'மாட்டேன்' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பாள். பெரியவர்களிடம் "ஆகட்டுங்க", என்னிடம் "ஆகட்டும்டீ". சொல்லும்போது தலையை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துச் சிரிப்பாள். கேட்டவருக்கு வேலை அப்போதே முடிந்துவிட்டதைப் போல நிம்மதி வந்துவிடும். அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் புதுக்கோட்டையில் பாதிப் பேர், "அவங்களா! தங்கமான மனுஷியாச்சே, அவங்களப் போயி..." என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். தங்கம்தான். யார் இல்லையென்றது?

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். கல்லூரியின் தாவரவியல் துறையில் நாங்கள் இரண்டு பேரும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். துறையில் பெண்கள் என்றால் நாங்கள் மட்டும்தான். கீழ ராஜ வீதியில் ஒரு வீட்டின் மாடியறையை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்கியிருந்தோம். அவள் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நான் இலுப்பூர்க் கடலை வியாபாரி மகள். இருவருக்கும் ஒரே வயசு. அவள் அமைதி, நான் வாய். மாணவர்கள் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள், அவளைக் கண்டால் மொய்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். ஆவூரில் சொந்தக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம், இவள்தான் ஞானத்தாய். அதே நாளில் விராலிமலைக்கு அந்தப் பக்கம் கல்லூரி கிளார்க் வீட்டில் கிடாவெட்டு. "அவசியம் வந்துரணும் மிஸ்" என்று கிளார்க் கூப்பிட, "ஆகட்டுங்க" என்றிருக்கிறாள். இரண்டுக்கும் போனாள். அங்கே பிரியாணி, இங்கே கறிக்குழம்பு. சாயங்காலம் வந்து இறங்கியவள் நேராகக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே திட்டினேன்.

"ஒரு எடத்துல வரலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடீ?"

"அவங்க மொகம் சுண்டிப்போயிரும்டீ. அத என்னால பாக்க முடியாது" என்று வாயைக் கொப்பளித்தாள்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்பேர்ப்பட்ட மனசு என்றுகூட நினைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கீழ்வீட்டம்மாள் ஒரு நாள் அவளிடம், "ஒன் சிநேகிதி சரியான வாய்க்காரி" என்று சொன்னது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. "ஆமாங்கம்மா, கொஞ்சம் வாய் கூடத்தான்" என்றாள் இவள். மேலே வந்ததும் நான், "கீழ இருக்குறது சரியான சிடுமூஞ்சி" என்றேன். "ஆமாடீ, சிடுமூஞ்சிதான்" என்றாள் அதே சிரிப்போடு. இவள் யார் பக்கம்? கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டாள். காப்பியைக் குடித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவள் எனக்காகச் செய்ததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும்.

எனக்குப் பெரணிப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்க ஓரத்தில் பழுப்புத் தூள் ஒட்டியிருக்கும், அதுதான் அதன் வித்து. மலைநாட்டுச் செடிக்கு எங்கள் காய்ந்த சீமையில் என்ன வேலை என்று கேட்பார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். ஈரம் கசிகிற கல்லிடுக்கில், வெயில் நேராக விழாத ஆழத்தில், கறுப்புக் காம்போடு அழகாகத் தொங்கும். இலுப்பூரில் எங்கள் பங்காளி வயல் கிணற்றில் அது செழித்துக் கிடந்தது. எனக்குக் கிணறு என்றால் பயம், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

"நீ எறங்குறியாடீ?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஆகட்டும்டீ" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் நீட்டியிருந்த கற்களில் கால் வைத்து இறங்கிவிட்டாள். இறங்கின பிறகு சொல்கிறாள், அவளுக்கு நீச்சல் தெரியாதாம்! மேலே நின்று நான் அலற, ஏற்றம் இறைக்க வந்த பெரியவர் ஓடிவந்து கயிற்றை விட்டார். மடி நிறையப் பெரணியோடு மேலே வந்தவளைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏந்தாயி, மாடுகூடத் திங்காது இத. இதுக்கா கிணத்துல எறங்குனீக?"

"இவ கேட்டாங்கய்யா" என்றாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது, அன்றிலிருந்து இவள்தான் என்று முடிவு செய்தேன்.

அவள் எடுத்துவந்த வித்தை வைத்துத்தான் என் ஆராய்ச்சி. பெரிய விஷயமில்லை, எளிதாகச் சொல்லிவிடுகிறேன். பெரணி வித்தை ஈரத்தில் தூவி வெளிச்சத்தில் வைத்தால் முளைக்கும். இருட்டில் வைத்தால் முளைக்காது, உயிரோடு அப்படியே கிடக்கும். ஆனால் ஜிப்ரலிக் அமிலம் என்று ஒரு மருந்து, பயிரை வளர வைக்கிற ஹார்மோன். ஜப்பான்காரர்கள் நெற்பயிர் நோயிலிருந்து கண்டெடுத்தது. அதைத் துளி சேர்த்தால் சில பெரணிகள் இருட்டிலேயே முளைவிடும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். நம் கிணற்றுப் பெரணி என்ன செய்யும் என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். முளைத்தது! மருந்திட்ட தட்டில் பச்சை நூலாக முளை, மருந்திடாத தட்டில் ஒன்றுமில்லை. அவளும் நானும் ஆய்வகத்தில் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம்.

மருந்தைக் கொடுத்து உதவியவர் மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர். முடிவைக் கேட்டுவிட்டு அவர், "தீபாவளிக்கு முன்னால திருச்சிப் பக்கம் வர்றேன். இன்னொரு தடவை போட்டு வையுங்க. நான்தான் திறந்து பாப்பேன். சரியா இருந்தா எங்கிட்ட ஆராய்ச்சிக்கு எடம் இருக்கு" என்று சொல்லியனுப்பினார்.

அந்த இடத்தில்தான் என் உயிர் இருந்தது. என் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "தைக்குள்ள மெட்ராஸ்ல எடம் கெடச்சா போ. இல்லையா, ஒன் அத்தை மகன் காத்துக்கிட்டிருக்கான், கழுத்த நீட்டு." அத்தை மகன் கெட்டவன் இல்லை. எனக்குத்தான் கழுத்தை நீட்ட மனசில்லை.

தட்டுகளை உள்ளே கறுப்பு பெயிண்ட் அடித்த பிஸ்கட் டின்களில் அடுக்கி, கறுப்புத் துணியால் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டின்களுக்கு அடியில் ஒரு மணல் தட்டு இருந்தது. தினம் தண்ணீர் ஊற்றினால்தான் எங்கள் ஊர் அனலுக்கு உள்ளே குளிர்ச்சி நிற்கும். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

"தண்ணி மட்டும் ஊத்து. டின்னை யார் கேட்டாலும் தொறக்காத. நனைஞ்ச வித்து ஒருவாட்டி வெளிச்சத்தப் பாத்துட்டா போச்சு, திருப்பி இருட்டுல வச்சாலும் மொளைச்சிரும். ஒனக்கு நான் சொல்லணுமா?"

"ஆகட்டும்டீ. நீ நிம்மதியாப் போயிட்டு வா."

நிம்மதியாகப் போனேன். வரும்போது ஆத்தா சுட்ட அதிரசம் கொண்டுவந்தேன். அவள் அன்றைக்கு என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். என் சேலைகளைத் துவைத்துப் போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள், காப்பியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள். விட்டுப் பிரிந்திருந்த பாசம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பேராசிரியர் சொன்ன நாளில் வந்தார். இருட்டறையில் அவரும், எங்கள் துறைத்தலைவரும், நாங்கள் இருவரும். பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சை நான் பிடித்துக்கொள்ள, அவர் டின்னைத் திறந்தார். பச்சை வெளிச்சம் மட்டும் பெரணி வித்தை எழுப்பாது, அதனால்தான் அந்த ஏற்பாடு. மருந்திட்ட தட்டில் முளை இருந்தது. மருந்திடாத தட்டை லென்ஸுக்கு அடியில் வைத்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். அதிலும் முளை, கொத்துக் கொத்தாக.

அவர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"வெளிச்சம் பட்டிருக்கும்மா. யாராச்சும் திறந்தீங்களா? திறந்திருந்தா சொல்லிடுங்க, அதொண்ணும் குத்தமில்ல. இன்னொரு தடவை போட்டுக்கலாம். யாருமே திறக்கலைன்னா, முதல்ல வந்த முடிவையே நான் நம்ப முடியாம போயிடும்."

"நான் ஊருக்குப் போயிருந்தேன் சார். சாவி இவகிட்டதான் இருந்துச்சு" என்று அவளைக் காட்டினேன். காட்டும்போது எனக்குத் துளிச் சந்தேகமில்லை. அவள் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவாள் என்று மட்டும் தோன்றியது.

அவள் துறைத்தலைவர் முகத்தைப் பார்த்தாள். பேராசிரியர் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லைங்க சார். யாரும் தொறக்கலைங்க" என்றாள்.

பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில், ஆய்வகத்துக்கு எல்லாரும் வரும் முன்பே போய் அந்த டின்களைக் கழுவப் போட்டேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு டின்னின் அடி விளிம்பு மடிப்பில் விரலில் ஏதோ நெருடியது. சுரண்டிப் பார்த்தேன். காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமச் சிவப்பு.

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சரஸ்வதி பூஜையன்று மூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது. பீரோக் கதவு, மைக்ராஸ்கோப் பெட்டி, மைக்கூடு முதற்கொண்டு திறந்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமி படத்தின் முன் பரப்புவார்கள். பரப்பியதை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. பூஜையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தராசுக்கும் மரக்காலுக்கும் பொட்டு வைக்காமல் அப்பா பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். ஆனால் என் டின்கள் மூடியைத் திறந்துகொண்டு குத்துவிளக்கு வெளிச்சத்திலும், விடிந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்திலும் கிடந்திருக்கின்றன. அப்புறம் பொட்டைத் துடைத்து, துணியைச் சுற்றி, பழையபடி பூட்டி வைத்திருக்கிறாள். விளிம்பைத் துடைக்க மறந்துவிட்டாள்.

டின்னோடு அறைக்கு ஓடினேன். தலை வாரிக்கொண்டிருந்தாள். டின்னைப் பார்த்ததும் சீப்பு கையிலேயே நின்றது.

"ஏண்டீ தொறந்த?"

"நம்ம துறைத்தலைவர் சார் கேட்டாருடீ. 'அந்த அலமாரியில என்னம்மா இருக்கு, அதையும் கொண்டாந்து தொறந்து வையி'ன்னாரு. அம்புட்டுப் பேரும் நிக்கிறாங்க. நான் வேதக்காரி. மாட்டேன்னு சொன்னா, சாமிக்கு வைக்க மாட்டேங்கிறான்னுல்ல ஆயிரும்? எப்புடிடீ சொல்வேன்?"

இதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் தடுமாறியிருப்பேன்.

"சரி. நான் வந்தன்னிக்கே சொல்றதுக்கு என்ன? மருந்து மிச்சம் இருந்துச்சு, நாளும் இருந்துச்சு. திருப்பிப் போட்டிருப்பேனே!"

"நீ அவ்ளோ சந்தோஷமா வந்தியேடீ. அதிரசத்தக் கையில வச்சுக்கிட்டு நின்ன. எப்புடிச் சொல்றது? மொளைக்கக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"நேத்து அந்த மனுஷன் நேருக்கு நேரா கேட்டாரே! குத்தமில்லன்னு வேற சொன்னாரே!"

"நம்ம சார் பக்கத்துல நின்னாருல்ல. நான் பூஜையச் சொன்னா, இவரு துறையில இப்புடியான்னு ஆகி, அவருக்குத் தலக்குனிவாப் போயிருக்கும்டீ."

நான் அவள் கையைப் பிடித்தேன். "பேராசிரியர் டிராவலர்ஸ் பங்களாவுலதான் தங்கியிருக்காரு. மத்தியானம்தான் கெளம்புறாரு. வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"ஆகட்டும்டீ" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீ முன்னால போ. நான் சீலைய மாத்திக்கிட்டு வந்துர்றேன்."

போனேன். பேராசிரியர் சந்தனத்தைப் பார்த்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "உங்க சிநேகிதி நேத்து வேற மாதிரி சொன்னாங்களேம்மா. அவங்களே வந்து சொல்லட்டும், காத்திருக்கேன்" என்றார். காத்திருக்கவும் செய்தார். இலை போட்டுச் சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், கார் வந்தது, அதையும் நிறுத்தி வைத்தார். நான் வேப்பமரத்தடியில் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருகிற சைக்கிள் ரிக்‌ஷா ஒவ்வொன்றும் அவளாகத் தெரிந்தது. கடைசியில் அவர் காரில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, "நல்லா இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். மேலெல்லாம் எண்ணெய்ப் புகை வாடை. துறைத்தலைவர் வீட்டில் தீபாவளிப் பலகாரம் சுட வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் முந்தின வாரமே "ஆகட்டும்" சொல்லியிருந்தாளாம். கிளம்பும்போது ஆள் அனுப்பிவிட்டார்களாம். ஒரே நாளில் ஆவூருக்கும் விராலிமலைக்கும் போய் வந்தவளுக்கு, நாலு தெரு தள்ளி இருந்த பங்களாவுக்கு வரக் கால் எழவில்லை.

கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். "ஒனக்குன்னு எடுத்தாந்தேன்டீ, நெய் முறுக்கு" என்றாள்.

"அவங்ககிட்ட ஒரு தடவை மாட்டேன்னு சொல்ல முடியலையா ஒனக்கு? எனக்காக?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே ஆச்சரியம்.

"அவங்கல்லாம் மத்தவங்கடீ. நீ என் ஆளு. நீ மன்னிச்சிருவேல்ல?"

முறுக்குப் பொட்டலத்தை வாங்கி மாடியிலிருந்து தெருவில் வீசினேன். அவள் போய்ப் பாயை விரித்து, என் தலையணையையும் தட்டிப் போட்டாள்.

தான் திறக்கச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று துறைத்தலைவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர் எனக்கு யார்? எனக்காக நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்கியவள் அவரா?

தையில் எனக்குக் கல்யாணம். நான் கூப்பிடாமலே அவள் வந்தாள். மூன்று நாள் முன்னதாக வந்து பந்தியில் பரிமாறி, பாத்திரம் எண்ணி, வந்த சனத்துக்கெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "இப்புடி ஒரு பொண்ணு சிநேகிதியாக் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று ஆத்தா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கம் என்று நினைத்தார்கள்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் கழித்து, ஒரு தடவைதான் பார்த்தேன். விராலிமலையில் மதுரை பஸ்ஸுக்காக என் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். சாலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். அதே சிரிப்பு. இரண்டு கையிலும் யார் யாருக்கோ வாங்கிய சாமான். எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு என் மகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். குழந்தை யாரிடமும் போகாது, அவளிடம் போய் ஒட்டிக்கொண்டது. முழங்கையில் அந்தக் கிணற்றுத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

பஸ் வந்தது. குழந்தையை என்னிடம் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"எம்மேல இன்னும் கோவமாடீ?"

இல்லை என்று சொல்வேன் என்று அவள் முகம் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கிற ஒரு முகத்தைச் சுண்ட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

"இருக்குடீ. சாகுற வரைக்கும் இருக்கும்."

அவள் தலை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது.

"ஆகட்டும்டீ" என்றாள்.